கால்தொன் லொறியின் முன்னச்சு

வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் இரண்டிடங்களிற் பேசுகின்றார். ஏற்றியது மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் என்பது ஒன்று. உருண்டு செல்லும் பெருந்தேருக்கும் சிறியதோர் அச்சாணி வேண்டும். ஆதலால் உருவத்தைக் கண்டு எவரையும் இகழ வேண்டா என்பது மற்றையது. முன்னதை வலியறிதல் என்னும் அதிகாரத்திலும் பின்னதை வினைத்திட்பத்திலும் வைத்தார். வகுப்பிலே படிப்பிக்கும்போது இரண்டையும் உவமை என்று சொல்லிக் கடந்துவிடுகின்றோம். அச்சு உண்மையில் எதனால் கெடுகின்றது என்று மாணவன் ஒருவன் எழுந்து கேட்டால் நம்மிற் பலருக்கு விடை தெரியாது. எனக்கும் தெரியாமலே இருந்தது. வன்னியிலே ஒரு கராச்சில், நண்பர் ஒருவருடைய பழைய ஜீப்பின் முன்னச்சைத் திருத்தியபோது பக்கத்தில் வாங்கு போட்டு இருந்து பார்த்த பின்னரே, ஓரளவு விளங்கிற்று.

ஜீப் என்று நாம் அழைக்கும் அவ்வண்டி அமெரிக்க இராணுவப் பதிவேட்டில் கால்தொன் லொறி. 1940 இல் பன்ரம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தளித்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்கள் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து தள்ளின. முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே 80 அங்குலம். நிறை ஏறத்தாழ 2,450 இறாத்தல். இயந்திரம் 60 குதிரைவலு. யுத்தம் முடிந்ததும் உலகெங்கும் இவை உபரிப் பொருள்களாயின. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றை நீட்டி, கூரை போட்டு, வர்ணம் பூசி ஜீப்னி என்னும் பொதுவாகனமாக்கினர். தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 இல் கண்டிக்கு வந்தமையால் நம் நாட்டு வீதிகளும் இவ்வண்டியை நன்கு அறியும். நான்கு சில்லும் இயங்கும் வாகனம் எதுவாயினும், எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்ததாயினும், நாம் இன்றும் அதனை ஜீப் என்றுதானே சொல்கிறோம்!

நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். வயலுக்குப் போவதும், பேரப்பிள்ளைகள் மூவரைக் குளக்கட்டு வீதியால் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் அந்த ஜீப்பிலேதான். ஸ்ரியறிங் இடப்புறத்தில் இருக்கும்; நமது வீதியொழுங்குக்கு அது பொருந்தாது; ஆயினும் அவருக்குப் பழகிவிட்டது. மாரி மழைக்குள் ஒருநாள் வலது முன்சில்லு மதகுக் கட்டிலே மோதிற்று. அதன் பின்னர் மணிக்கு 30 மைல் வேகத்தைத் தொட்டதும் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கும். ஸ்ரியறிங்கைப் பிடித்திருக்கும் கை மரத்துப்போகும். மோதியதால் அச்சு வளைந்துவிட்டது, வேறு அச்சுத்தான் போடவேண்டும் என்று முடிவுகட்டிக்கொண்டே அவர் கராச்சுக்கு வந்தார்.

கராச்காரர் எழுபது வயதைக் கடந்தவர். நண்பர் அவரை ‘அண்ணை’ என்பார். அவர் நண்பரை ‘மாஸ்ரர்’ என்பார். ஜாக்கியை எடுக்குமுன் அவர் எடுத்தது ஒரு நூற்பந்தும் அளவுநாடாவும். “கழட்டினாப் பிறகு அச்சு பொய் சொல்லும் மாஸ்ரர். நிலத்திலை நிக்கேக்கைதான் உண்மையைச் சொல்லும்” என்றார். இந்த ஜீப்பில் முன்சில்லுகளுக்கிடையேயுள்ள அகலமும் பின்சில்லுகளுக்கிடையேயுள்ள அகலமும் ஒன்றே. ஆகவே பின்ரயரில் ஒட்டி இழுத்த நூல் முன்ரயரையும் ஒழுங்காகத் தொடவேண்டும். இடப்புறத்தில் தொட்டது. வலப்புறத்தில் தொடவில்லை. சில்லின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தபோது இடப்புறம் 80 அங்குலம். வலப்புறம் அரை அங்குலம் குறைவு. அச்சையும் வில்தகடுகளையும் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் நடுப்போல்ற் அறுந்து, அச்சின் வலமுனை பின்னோக்கி நகர்ந்திருந்தது. சின்னி விரலளவு தடிப்புள்ள ஒரு போல்ற்!

அடுத்துத் தூக்குக்குண்டு. இந்த வண்டியின் முன்சில்லுகள் நேர்நிலைக்குத்தாக நிற்பவை அல்ல. மேற்பக்கம் ஒன்றரைப் பாகை வெளியே சாய்ந்திருக்கவேண்டும். 16 அங்குல விளிம்பிலே அது ஏறத்தாழ 0.4 அங்குல வேறுபாடாகத் தெரியும். வலச்சில்லோ உள்நோக்கிச் சாய்ந்து நின்றது. அச்சுக்குழாய் வளைந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று நான் எண்ணினேன். கிழவர் தலையை ஆட்டவில்லை. சில்லின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் வந்தது கிறீஸ் அன்று. தண்ணீர் கலந்து மோர்போல் வெளுத்துப்போன ஏதோவொன்று.

இவ்விடத்தில் அந்த அச்சின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மாட்டுவண்டியின் அச்சுக்கு ஒரே வேலை, சுமப்பது. பழைய மோட்டார்க்காரின் முன்னச்சுக்கு இரண்டு வேலை. சுமக்கவும் வேண்டும், சில்லைத் திரும்பவிடவும் வேண்டும். ஜீப்பின் முன்னச்சோ சுமந்துகொண்டு, திரும்பிக்கொண்டு, அதே வேளையில் இயந்திரத்தின் விசையைச் சில்லுக்குக் கொடுத்து இழுக்கவும் வேண்டும். இந்த மூன்றும் சந்திக்கும் இடம் அச்சின் இரு நுனியிலும் உள்ள, தேங்காயளவான இரும்புருண்டை. அதைக் கவிந்துகொண்டு சில்லின் கணு திரும்புகின்றது. உருண்டையின் மேலும் கீழும் கிங்பின் எனப்படும் முளைகள். அவற்றைத் தாங்க உருளைப் பெயாரிங்குகள். உருண்டைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், சுழலும் தண்டை மடக்கிச் செல்லும் மூட்டு. உருண்டைக்கும் கணுவுக்கும் இடையே உள்ள வட்டமான இடைவெளியை அழுத்திய கம்பளியும் ரப்பரும் கொண்ட ஒரு வளையம் மூடுகின்றது. உள்ளிருக்கும் கிறீஸை வெளியே விடாமலும் வெளியிலிருக்கும் சேற்றை உள்ளே விடாமலும் காப்பது அந்த வளையம் ஒன்றே.

நண்பரின் ஜீப்பில் அவ்வளையம் எந்தக் காலத்திலோ தேய்ந்து போயிருந்தது. வயற்சேற்றில் இறங்கிய ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் உள்ளே போயிற்று. கிறீஸ் சிறிது சிறிதாக வெளியேறிற்று. வெளியேறியதில் ஒரு பங்கு பிறேக்கிற் படிந்து அதையும் கெடுத்தது. கணுவைத் திறந்தபோது கீழ்ப் பெயாரிங்கின் கிண்ணத்திலே உருளைகள் பதிந்த குழிகள் வரிசையாகத் தெரிந்தன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருளைகள் ஒரே கோட்டில் நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் அதே இடத்தை இடிக்கின்றன. கிறீஸும் இல்லாதபோது குழி விழாமல் என்ன செய்யும்? அக்குழிகளால் உண்டான தளர்ச்சியே சில்லை உள்நோக்கிச் சாயவிட்டது. குழாயின் இரு நுனிக்கும் நேர்ச்சட்டம் பிடித்துப் பார்த்தார் கிழவர். குழாய் வளையவில்லை.

இதுதான் என்னைத் திகைக்கவைத்தது. மதகுக் கட்டு செய்த குற்றம் நடுப்போல்ற்றை அறுத்தது. சாய்வும் உதறலின் பெரும்பகுதியும் பல ஆண்டுக் கவனக்குறைவின் பயன். விபத்து நடந்த நாளும் நேரமும் நமக்கு நினைவிருக்கின்றன. வளையம் தேய்ந்த நாளை யார் குறித்து வைத்தார்? ஆகவே எல்லாப் பழியையும் விபத்தின்மேற் போட்டுவிடுகின்றோம்.

உள்ளிருந்த மூட்டைப் பற்றி, கணிதம் படிப்பிக்கும் நண்பர்களுக்காகச் சில சொல்ல விரும்புகிறேன். இரண்டு கவையும் ஒரு சிலுவையும் கொண்ட சாதாரண மூட்டு, 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த றொபேட் ஹூக்கின் பெயரால் வழங்குவது. அது தண்டை மடக்கும். ஆனால் ஒரே சீராகச் சுழற்றாது. 30 பாகை மடங்கிய நிலையில், உட்செல்லும் தண்டு மாறாத வேகத்திற் சுழன்றாலும் வெளிவரும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறத்தாழ நூற்றுக்கு 15 விரைந்தும், இருமுறை நூற்றுக்கு 13 தாழ்ந்தும் ஓடும். திருப்பத்தில் ஸ்ரியறிங் துடிப்பதற்கு அதுவே போதும். இக்குறையை நீக்க 1920களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் முயன்றனர். அவர்கள் கண்ட வழி அழகானது. இரு தண்டுகளையும் இரும்புக்குண்டுகளால் இணைத்து, இரண்டுக்கும் இடையேயுள்ள கோணத்தை எப்போதும் இருசமக்கூறிடும் தளத்திலே அக்குண்டுகளை நிற்கச் செய்தால் வேகம் மாறாது. றெஸெப்பா என்பவரின் மூட்டில் ஒரு கூட்டுக்குள் ஆறு குண்டுகள். பெண்டிக்ஸ்–வைஸ் மூட்டில் விசையைக் கடத்தும் நான்கும் நடுவே ஒன்றும். பிரெஞ்சுக்காரரின் திராக்டா மூட்டிலோ குண்டே இல்லை. ஒன்றோடொன்று வழுகும் துண்டுகளே உண்டு. யுத்தகாலத்தில் எந்த ஓர் ஆலையாலும் வேண்டிய அளவு செய்துகொடுக்க முடியாதபடியால், ஸ்பைசர் மூட்டையும் சேர்த்து நால்வகையும் ஜீப்புகளிற் பூட்டப்பட்டன. நண்பரின் வண்டியில் வலப்புறம் றெஸெப்பா, இடப்புறம் பெண்டிக்ஸ். எந்த நாட்டில், எந்தக் கையால் மாற்றப்பட்டதோ! வலப்புற மூட்டிலே துரு இருந்தது; கழுவிப் பார்த்தபோது குண்டுகளின் பாதை கெடவில்லை. நல்ல காலம்.

கழற்றிய உறுப்புகளையெல்லாம் கழுவி, துடைத்து, கிழவர் இன்னொரு சோதனை செய்தார். சில்லின் கணுவை இழுத்துத் திருப்பும் ஸ்ரியறிங் கையை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு எடுத்துத் துடைத்தார். நன்றாக உலர்ந்தபின் அதன்மேல் வெள்ளைச் சோக்குத்தூளைப் பூசி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கை வளையும் இடத்தில், வெள்ளைக்கு நடுவே மயிர்போன்ற ஒரு கறுத்த கோடு. வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து தன்னைக் காட்டிக்கொண்டது. இரும்பின் வெடிப்பைக் காண இன்று காந்தத்தால் சோதிக்கும் கருவிகள் உண்டு. சோக்குக் கட்டியும் மண்ணெண்ணெயும் எங்கும் உண்டு.

“ஒரு வெல்டிங் போட்டுவிட்டால் என்ன அண்ணை?” என்று கேட்டார் நண்பர். அவரைக் குறைசொல்ல முடியாது. செலவு ஏறிக்கொண்டிருந்தது, வயல்வேலையும் காத்திருந்தது.

“வீட்டுப் படலைக்கெண்டால் இப்பவே போட்டுத்தாறன் மாஸ்ரர். இதுக்குப் போடமாட்டன்.”

“எத்தனையோ பேர் போட்டு ஓடுகிறார்களே!”

“ஓடுகினம். குளக்கட்டிலை ஆரை ஏத்திக்கொண்டு ஓடுறியள்?”

நண்பர் பேசவில்லை.

கிழவரின் மறுப்பு பிடிவாதமன்று. ஸ்ரியறிங் கை வெறும் வார்ப்பிரும்பன்று; அடித்து உருவாக்கி, பின்னர் சூடேற்றிக் குளிர்வித்துப் பதமிட்ட உருக்கு. அதன் வலிமை உருவத்தில் மட்டுமன்றி அப்பதத்திலும் உள்ளது. வெல்டிங் சூடு பட்டதும் ஒட்டுக்குப் பக்கத்தே பதம் மாறிவிடுகின்றது. ஓரிடம் கடினமாகி நொறுங்கும் தன்மையடைய, அடுத்த இடம் மெதுவாகின்றது. மேலே பார்த்தால் முன்னையிலும் தடித்து, உறுதியாகவே தோன்றும். பின்னொரு நாள் முன்னறிவிப்பு எதுவுமின்றி முறியும். வளைந்த கையைச் சூடுகாட்டி நிமிர்த்துவதும் இதே தவறுதான். உருண்டையைத் தேய்க்கலாம், பெயாரிங்கை மாற்றலாம், வளையத்தைப் புதிதாகப் போடலாம். அச்சுக்குழாய் சிறிது வளைந்திருந்தால், கைதேர்ந்தவர் சூடின்றி அழுத்தி நிமிர்த்துவதுமுண்டு. ஸ்ரியறிங்கைச் சேர்ந்த உறுப்பு வெடித்தால் மட்டும் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. எதைத் திருத்தலாம் என்பதைப் பலர் கற்றிருக்கின்றனர். எதைத் திருத்தக்கூடாது என்பதில் உறுதியாக நிற்பவர் சிலரே. அதிலும் காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சொல்பவர் மிகச் சிலர்.

கிழவர் பழைய கையை ஒரே அடியில் இரண்டாக்கினார். வெடிப்பு பாதித்தடிப்புக்கு மேல் உள்ளே போயிருந்தது. பழைய முறிவு துருவேறிக் கறுத்தும், அன்று முறிந்த மிகுதி வெள்ளிபோல் மின்னியும் நின்றன. நண்பர் அந்த இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

இதற்கிடையில், முழு முன்னச்சு ஒன்று மலிவாகக் கிடைக்கின்றது என்று தெரிந்தவர் ஒருவர் தகவல் கொண்டுவந்தார். சென்று பார்த்தோம். தோற்றத்தில் நம்முடையதைப்போலவே இருந்தது, உருண்டைகள் பளபளத்தன. நண்பர் முகம் மலர்ந்தது. கிழவர் இரு சில்லுமுனைகளையும் இருவரைப் பிடிக்கச் சொல்லி, ஒன்றாக ஒரு முழுச்சுற்று சுற்றச் செய்து, விசை உள்ளே வரும் தண்டு எத்தனை முறை சுழல்கின்றது என்று சோக்குக் குறியிட்டு எண்ணினார். ஐந்தும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும். “வேண்டாம், வாங்கோ போவம்” என்றார்.

காரணம் எளிய வகுத்தற் கணக்கு. யுத்தகால ஜீப்பின் அச்சில் 8 பல்லுள்ள சிறுசக்கரம் 39 பல்லுள்ள பெருஞ்சக்கரத்தைச் சுழற்றுகின்றது, விகிதம் 4.88. யுத்தத்தின் பின் விவசாயிகளுக்கென வெளிவந்த ஜீப்பில் 8க்கு 43, விகிதம் 5.38. முன்னே ஒன்றும் பின்னே மற்றொன்றும் பூட்டினால், நான்கு சில்லையும் இயக்கும்போது முன்சில்லும் பின்சில்லும் நூற்றுக்குப் பத்து வேறுபட்ட வேகத்தில் ஓட முயலும். சேற்றிலே சில்லு வழுகுவதால் குற்றம் வெளிப்படாது. இறுகிய தரையிலோ ஒன்றையொன்று முறுக்கி, கடைசியில் எங்கேனும் ஒரு பல்லோ தண்டோ உடையும். பழுதான அச்சுக்குப் பதிலாக நல்ல அச்சைப் போட்டு முழு வண்டியையும் கெடுக்கும் வழி இது.

சரியான கை வந்துசேர மூன்று வாரம் சென்றது. அதன்மேல் போர்ட் நிறுவனத்தின் ‘எஃப்’ எழுத்து பொறித்திருந்தது. நண்பரின் வண்டி வில்லிஸ். போட்டி நிறுவனத்தின் உறுப்பு பொருந்துமா என்று நான் ஐயுற்றேன். அட்சரம் பிசகாமற் பொருந்திற்று. ஒரே வரைபடத்தின்படி இரு நிறுவனங்களும் செய்யவேண்டும், எந்த உறுப்பும் எந்த வண்டிக்கும் பொருந்தவேண்டும் என்பது யுத்தகால நியதி. அந்நியதியின் பயனைப் பிரெஞ்சு இராணுவம் நன்கு அனுபவித்தது. பாரிசுக்கு அருகே லா மால்துர்னே என்னுமிடத்திலிருந்த அதன் பட்டறையிலே, யுத்தத்தின் பின் பல ஆண்டுகளாக ஜீப்புகளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, உறுப்புகளைச் சோதித்து, தேறியவற்றைக் குவித்து, அக்குவியல்களிலிருந்து புதிய வண்டிகளாகப் பூட்டினார்கள். வில்லிஸா போர்ட்டா என்று அங்கே எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று பழைய ஜீப்புகளைச் சேகரிப்போர் தம் வண்டியின் ஒவ்வொரு போல்ற்றிலும் ‘எஃப்’ இருக்கின்றதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகின்றனர். அது அவரவர் விருப்பம்.

பூட்டும் வேலை நான் நினைத்ததைவிட மெதுவாக நடந்தது. புதிய வளையம் போடுமுன் இரும்புருண்டையிலிருந்த துருப்புள்ளிகளை மெல்லிய அரத்தாளால் அரைநாள் தேய்த்தார் கிழவர். அந்தச் சொரசொரப்பு இருந்தால் எத்தனை புதிய வளையமும் சில மாதங்களில் தின்னப்பட்டுவிடும் என்றார். கிங்பின் மூடிகளின் கீழே தாளைப்போன்ற மெல்லிய உலோகத் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும், கணுவைத் திருப்புவதற்கு எவ்வளவு இழுவை வேண்டியிருக்கின்றது என்று விற்றராசால் அளந்தார். இறுக்கம் போதாவிட்டால் உதறும். மிஞ்சினால் ஸ்ரியறிங் தானாக நேருக்குத் திரும்பாது. சில்லுப் பெயாரிங்கின் நட்டை இறுகும்வரை முறுக்கி, ஆறில் ஒரு சுற்றுப் பின்வாங்கினார். பிறேக்கின் ஊறிப்போன பட்டைகள் புதியனவாயின.

கடைசியாகக் கோணங்கள். கிங்பின் மேற்புறம் மூன்று பாகை பின்னோக்கிச் சாயவேண்டும். சைக்கிளின் முன்கவர் சாய்ந்திருப்பதும் இதற்காகவே, சில்லு தானாக நேர்வழியைத் தேடும். அதுவே உள்நோக்கி ஏழரைப் பாகை சாயவேண்டும். அதனாற் சில்லு திரும்பும்போது வண்டியின் முன்பக்கம் சிறிது உயர்கின்றது, விட்டவுடன் தன் பாரத்தாலேயே நேருக்கு வருகின்றது. இரு முன்சில்லும் முன்புறத்தில் ஒன்றையொன்று நோக்கி அங்குலத்தில் 64இல் 3 பங்கு முதல் 32இல் 3 பங்கு வரை ஒடுங்கி நிற்கவேண்டும். அந்தக் கடைசி அளவைச் சரிபார்க்க அவர் ரயரின் நடுவே சோக்குக்கோடு இழுத்து, முன்னும் பின்னும் நான்குமுறை அளந்தார். நாலாம் முறை என்னிடம் நாடாவைத் தந்து வாசிக்கச் சொன்னார். தன் கண்ணை அவர் நம்பவில்லை.

குளக்கட்டு வீதியில் முதலில் கிழவரே ஓட்டினார். பேரப்பிள்ளைகளை ஏற்றவேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். 20, 30, 35 மைல். கையை ஸ்ரியறிங்கிலிருந்து சற்று எடுத்துக் காட்டினார். வண்டி கோடு போட்டாற்போல் ஓடிற்று. தார்வீதிக்கு ஏறுமிடத்தில் நின்று, முன்னச்சின் இயக்கத்தைத் தளர்த்திவிட்டு நண்பரிடம் ஸ்ரியறிங்கைக் கொடுத்தார். திருப்பத்திலே முன்சில்லு பின்சில்லைவிட நீண்ட வட்டத்தில் ஓடுவதாலும், இரண்டு அச்சுக்கும் நடுவே அவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் பற்சக்கரம் இவ்வண்டியில் இல்லாததாலும், நான்கு சில்லும் இயங்கும் நிலையில் தார்வீதியில் ஓடக்கூடாது என்று விளக்கினார். முப்பது வருடம் அந்த ஜீப்பை ஓட்டிய நண்பர் அதனை அன்றுதான் கேட்டார்.

ஒரு கிழமை கழித்து வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போனபோது போல்ற்றுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, குனிந்து, வலப்புற உருண்டையை ஒரு வெள்ளைத்துணியால் துடைத்துப் பார்த்தார். துணியில் மெல்லிய பிசுக்கு மட்டும் படிந்தது. சேறுமில்லை, வழிந்த கிறீஸுமில்லை. துணியை நண்பரின் கையிற் கொடுத்து, “இதை வண்டியிலையே வையுங்கோ மாஸ்ரர். மழைக்கை வயலுக்கு இறங்கி ஏறினால், வீட்டை வந்தவுடனை ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ” என்றார்.